ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கிப்போன ஆட்டம்

மிக்கேலம்மாளின் குட்டி டிராக்டரிலிருந்து ஆட்டம் இறங்கி ஊருக்குள் போனது, திராட்சையில் நிறம் ஏறத் தொடங்கிய வாரத்தில், கோவில் மணி பன்னிரண்டு அடித்துக்கொண்டிருந்தபோது. அதை நேரில் பார்த்ததாகச் சொல்பவர்கள் எங்கள் ஊரான கழுகுக்கரட்டில் நாற்பது பேருக்குக் குறையாது. அந்த இடத்தில் நின்றவர்கள் மூன்றே பேர்.

எங்கள் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல் ஆள் உயரம்தான். கல்தூண் நட்டு, தூணுக்குத் தூண் கம்பி இழுத்து, கம்பியின் மேல் கொடியைப் படரவிட்டிருக்கிறோம். பெரிய டிராக்டர் அதன் அடியில் நுழையாது. நுழைவது மிக்கேலம்மாளின் நீல நிறக் குட்டி டிராக்டர் ஒன்றுதான். உழவானாலும், மருந்தடிப்பானாலும், பழப்பெட்டி சுமப்பதானாலும் ஊர் முழுவதற்கும் அதுதான். தலையைக் குனிந்துகொண்டு அவளே ஓட்டுவாள். அதன் ஸ்டீயரிங்கை அரைவட்டம் சுற்றிய பிறகுதான் முன்சக்கரத்துக்குச் சேதி போகும். போன சேதியைச் சக்கரம் கேட்கிறதா இல்லையா என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும். இந்தத் தளர்ச்சிக்கு மெக்கானிக்குகள் ஆட்டம் என்று பேர் சொல்வார்கள். எங்கள் ஊர் அந்த டிராக்டருக்கே ஆட்டக்காரி என்று பேர் வைத்து, அது வரும் சத்தம் கேட்டால் கோழிகளைக் கூப்பிட்டு உள்ளே அடைத்தது.

அப்படி இருக்கையில் ஒருநாள் ஆட்டக்காரி தொம்மையின் தோட்டத்தில் ஒரு தூணை முட்டி உடைத்துவிட்டது. ஊரிலேயே பெரிய பந்தல் தொம்மையுடையது. மிக்கேலம்மாளின் கணவர் இன்னாசிக்கு அவர் மச்சான் முறை, சின்ன வயதிலிருந்து கூட்டாளி. அந்த உரிமையில்தான் பேசினார்.

"தங்கச்சி, ஒரு தூணு போச்சு, அது போகட்டும். இன்னொரு தூணு போனா பந்தலே என் தலையில வந்து உக்காரும். அடுத்த தடவை ஸ்டீயரிங்கச் சரி பண்ணிட்டு வா, இல்லைன்னா வண்டிய வீட்டுல கட்டிப்போட்டுட்டு மம்பட்டியோட வா."

"கட்டிப்போட அது என்ன ஆடாண்ணே?"

"ஆடு சொன்னாக் கேக்கும்."

மறுநாளே பாளையத்திலிருந்து மெக்கானிக் சிக்கந்தர் வந்தார். கோவில் சுவரை ஒட்டிய புங்கமரத்தடியில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை இரு கையாலும் பிடித்து உலுக்கினார். வண்டி லொடக் லொடக் என்று தன் வியாதியைச் சொன்னது. ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடு முனைகள் தேய்ந்திருந்தன, சக்கரம் திரும்பும் முளையைச் சுற்றிய கிங்பின் புஷ் வளையங்கள் நிலாப் பிறை மாதிரி ஒரு பக்கம் மெலிந்திருந்தன. அவற்றைத் தட்டிக் கழற்றிக் காலி பெயிண்ட் டப்பாவில் போட்டார். புதுசு மாட்டினார். கிரீஸ் அடித்தார். பிறகு ஸ்டீயரிங் பெட்டியின் தலையில் இருக்கிற திருகைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கிக்கொண்டே வந்தார்.

"போதுமாக்கா?"

மிக்கேலம்மாள் ஸ்டீயரிங்கை அசைத்துப் பார்த்தாள். "இன்னும் இருக்கு."

"கொஞ்சம் இருக்கணும்க்கா. ஆட்டமே இல்லாமப் பூட்டக் கூடாது."

"பதினோரு வருசமா என்னைய ஊரு சிரிக்க வச்ச ஆட்டம் தம்பி இது. எல்லாத்தையும் எடு. ஒரு பொட்டு மிச்சம் வைக்காத."

சிக்கந்தர் அதுவரை எந்த வண்டியிலும் எல்லாத்தையும் எடுத்ததில்லை. ஆனால் அக்கா முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்தார். அந்தக் கடைசிக் கால் சுற்றில் பெட்டிக்குள் டொக் என்றது. ஆட்டம் வெளியே வந்தது.

வந்த ஆட்டம் முதலில் கோவில் மணியைப் பிடித்தது. மூன்றாவது ஆளாக அங்கே நின்று மணியடித்துக்கொண்டிருந்தவர், ஊருக்குச் செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் சூசை. பன்னிரண்டு அடித்துக் கயிற்றை விட்டுவிட்டார், மணி விடவில்லை, பதின்மூன்று, பதினான்கு என்று தன் போக்கில் அடித்துக்கொண்டே இருந்தது. மணியிலிருந்து இறங்கிய ஆட்டம் டீக்கடை பெஞ்சை ஆட்டி, பெஞ்சில் இருந்தவர்கள் கையில் டீயை ஆட்டி, வெள்ளத்தில் ஊறி இறுகிப்போய் யாராலும் திறக்க முடியாமல் கிடந்த ரேஷன் கடைக் கதவைத் திறந்து, கீழத்தெருவுக்கும் மேலத்தெருவுக்கும் நடுவில் சண்டையில் பூட்டித் துருப்பிடித்த சந்துக்கதவைத் திறந்து, மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறந்து, தண்ணீர் தெருவில் ஓட, அந்தத் தண்ணீரின் கூடவே ஓடியது.

முதல் நாள் ஊர் தண்ணீர் பிடித்தது. இரண்டாம் நாள் யோசித்தது. மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் இறுகிக் கிடந்த சாமான்களையெல்லாம் எடுத்துக்கொண்டு ஆட்டத்தைத் தேடி அலைந்தது. சாவி தொலைந்த பெட்டி, சுற்றாத தையல் மிஷின், விரலைவிட்டுக் கழலாத கல்யாண மோதிரம், மடங்காத முழங்கால் என்று ஆளுக்கு ஒன்றைத் தூக்கிக்கொண்டு இந்தத் தெருவுக்கும் அந்தத் தெருவுக்கும் ஓடினார்கள். ஆட்டம் எந்தத் தெருவில் இருக்கிறது என்பதில் அடிதடி வராமல் இருக்க, உபதேசியார் காலைச் செபம் முடிந்ததும் கோவில் மைக்கிலேயே சொல்லத் தொடங்கினார்.

"இன்று ஆட்டமானது கீழத்தெருவில், பால் சொசைட்டி அருகே இருக்கிறது. முழங்கால்காரர்கள் முதலில் செல்லவும். மோதிரக்காரர்கள் அவசரப்பட வேண்டாம்."

பஸ் எங்கள் ஊரில் அதிக நேரம் நிற்க ஆரம்பித்தது. பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் பூட்டும் கையுமாக இறங்கினார்கள். டிரைவர் தன் கியர் கம்பியைத் தளர்த்திக்கொள்வதற்காக ஒரு வட்டம் கூடுதலாகச் சுற்றிப் போனார். பேச்சே வராத தபால்காரருக்கு நாக்கு தளர்ந்து, கடிதம் கொடுக்கும் வீட்டிலெல்லாம் உட்கார்ந்து பேசினார். கட்டில்கள் ஆடின, கைப்பிடிகள் ஆடின, பல் ஆடிய பெரியவர்களும் உண்டு. இரண்டு பேருக்குப் பல் விழுந்தது. அதற்காக யாரும் ஆட்டத்தைக் கோபிக்கவில்லை. விழவேண்டிய பல்தான் என்றார்கள்.

இதற்கெல்லாம் நடுவே மிக்கேலம்மாளின் ஸ்டீயரிங் கல்லாகிப் போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு சொட்டு ஆட்டமும் இல்லாத ஸ்டீயரிங், மாவு இல்லாத ஆட்டுக்கல்லைச் சுற்றுவதுபோல் தோள்வரை இழுத்தது. அவளும் சொல்லவில்லை. கேட்டு வாங்கியது அல்லவா.

ஆட்டம் எல்லார் வீட்டுக்கும் போய்விட்டு, தான் கிளம்பிய வீட்டுக்குக் கடைசியில்தான் வந்தது.

இன்னாசிக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கால் திரும்பி வந்தது. பேச்சு, போனதைவிட அதிகமாகவே திரும்பி வந்தது. வலது கை மட்டும் முஷ்டியாக மூடியது மூடியபடியே நின்றுவிட்டது. திராட்சைக் குலையில் நெருக்கமாக நிற்கிற பிஞ்சுகளைக் கத்தரி போட்டு விலக்குவதில் அந்தக் கைக்கு இணையாக ஊரில் இன்னொரு கை இருந்ததில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமை தோறும் பூசைக்குப் போவதற்கு முன், மிக்கேலம்மாள் கரண்டிக் காம்பை நுழைத்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக நெம்பி, நகம் வெட்டி விடுவாள். அவர் அந்த நேரம் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு அவள் அடுப்படியில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். வாசலில் பட்டென்று ஒரு சத்தம்.

"அடியே மிக்கேலு!"

"என்னாங்க? என்ன சத்தம்?"

"கொசு."

"ஒரு கொசுவுக்கா இந்தக் கத்துக் கத்துறீக?"

"எந்தக் கையால அடிச்சேன்னு வந்து பாருடி."

அவள் வந்து பார்த்தாள். உள்ளங்கை வெயில் படாமல் வெளுத்து, மடிப்பு மடிப்பாக இருந்தது. நடுவில் செத்த கொசு. அவள் அந்தக் கையை எடுத்து, பிறந்த பிள்ளைக்குப் பார்ப்பதுபோல் விரல்களை எண்ணினாள். ஐந்தும் இருந்தன. மறுபடியும் எண்ணினாள்.

"மூணு வருசமா இந்தக் கொசு என் காதுகிட்ட வந்து பாடிக்கிட்டிருந்துச்சு," என்றார் இன்னாசி. "இன்னைக்குத்தான் கைதட்டினேன்."

அன்று சாயங்காலமே ஊர் திரண்டு வந்து அவர் கையைக் குலுக்கியது. தொம்மை இரண்டு தடவை குலுக்கினார். மீன் குழம்பு எல்லாருக்கும் போதவில்லை, ரசம் வைத்தார்கள். இன்னாசி தன் சட்டைப் பித்தானைத் தானே போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். பார்க்காதவர்களுக்காக இன்னொரு தடவையும் போட்டுக் காட்டினார்.

அடுத்த வாரம் ஆட்டம் தோட்டங்களுக்குள் இறங்கியது.

காற்று இல்லை, கிளி இல்லை, பந்தலுக்கு அடியில் பொலபொலவென்று ஒரு சத்தம் மட்டும் கேட்டது. பழங்கள் காம்பைவிட்டுக் கழன்று விழுந்தன. குலை குலையாக இருந்தால்தான் திராட்சை. உதிர்ந்த பழத்தை எந்த வியாபாரியும் எடுக்க மாட்டார். காலையில் கறுத்துத் தொங்கிய குலை மதியத்தில் வெறும் காம்பாக நின்றது. தொம்மையின் தோட்டத்தில் ஒரு வரிசை முழுவதும் தரையில் கிடக்க, அதன் மேல் எறும்புகள் ஊர்வலம் போயின.

ஊர் புங்கமரத்தடியில் கூடியது. சிக்கந்தரைக் கூப்பிட்டு விட்டிருந்தார்கள். அவர் டப்பாவில் கிடந்த பழைய புஷ்களைக் காட்டினார். "ஆட்டம் இதுக்குள்ளதான் பொறந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமாத் தேஞ்சு, தேஞ்ச இடத்துல வளந்தது. கிரீஸத் தடவி வச்சுத் தட்டினா வந்துரும்."

"வந்தா அவரு கை?" என்று கேட்டாள் மிக்கேலம்மாள்.

சிக்கந்தர் டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கைக்குன்னு தனி ஆட்டம் கிடையாதுக்கா. மணியில இருக்கதும் அதான், வால்வுல இருக்கதும் அதான்."

அவள் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கூடியிருந்தவர்களில் ஒருவர்கூட அதைக் கொடு என்று கேட்கவில்லை. எல்லாருக்கும் பந்தல் இருந்தது, எல்லாருடைய பழமும் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் எல்லாரும் அந்தக் கையைக் குலுக்கியவர்கள். கொஞ்ச நேரம் மழை வருமா என்று பேசினார்கள். பிறகு கலைந்தார்கள்.

அன்று தொம்மை இன்னாசியின் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாங்க மச்சான். எத்தனை வரிசை போச்சு?" என்றார் இன்னாசி.

"மேக்க கறுத்துக் கிடக்கு. மழை வரும்போல."

"எத்தனை வரிசைன்னு கேட்டேன்."

தொம்மை தன் செருப்பைப் பார்த்தார். "ஆறு."

தொம்மை போன பிறகு இன்னாசி கத்தரியை எடுத்துக்கொண்டு தன் அரை ஏக்கர் பந்தலுக்குப் போனார். நன்றாகப் பழுத்த ஒரு குலையைத் தேர்ந்தெடுத்து அதன் கீழே வலது கையை ஏந்தினார். கை பட்டதுதான் தாமதம், குலையின் அத்தனை பழமும் உள்ளங்கையில் கொட்டி, வழிந்து, தரையில் உருண்டது. பக்கத்துக் குலையைத் தொட்டார், அதுவும் அப்படியே. வெறும் காம்பை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து மனைவி முன்னால் வைத்தார்.

"இது என் கை செஞ்ச வேலை மிக்கேலு. மூடிக் கிடந்தப்ப இந்தக் கையால ஒண்ணையும் எடுக்க முடியல. இப்ப ஒண்ணையும் வைக்க முடியல."

"உதிர்ந்தா உதிரட்டும். ஒரு வருசப் பழம்தானே. அடுத்த வருசம் காய்க்காதா?"

"நமக்குக் காய்க்கும். ஊருக்கு?"

"ஊரு வந்து நம்மகிட்டக் கேட்டுச்சா?"

"கேக்கலையே. அதனாலதான் எனக்கு உக்கார முடியல."

மடியிலிருந்து டப்பாவை இறக்கி வைக்க அவளுக்கு வெகு நேரம் ஆனது.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு ஆட்டக்காரியை அதே புங்கமரத்தடியில் நிறுத்தி ஜாக்கி வைத்தார்கள். முன் அச்சின் மேல் டப்பா. டப்பாவில் பழைய புஷ்கள், அவற்றின் மேல் ஒரு கை கிரீஸ். ஸ்டீயரிங் பெட்டியின் திருகைத் தளர்த்தி, ஸ்பானரை அதன்மேல் போட்டபடியே, சிக்கந்தர் சுத்தியல் காம்பால் டப்பாவைத் தட்டினார். சந்துக்கதவு தாண்டி ஊரே வந்து நின்றது. இன்னாசி வலது கையைப் பானட்டின் மேல் விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

ஆட்டம் தோட்டத்திலிருந்துதான் முதலில் கிளம்பியது. பொலபொலப்பு நின்றதும் ஊரில் ஒரு அமைதி விழுந்தது. பிறகு மேல்நிலைத் தொட்டி வால்வு இறுகியது, குடத்தோடு நின்ற பெண்கள் திட்டினார்கள். டீக்கடை பெஞ்ச் நின்றது. தபால்காரர் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார், மீதியை இன்றுவரை சொல்லவில்லை. மணி ஒரு பக்கம் சாய்ந்தபடி ஒரு நொடி நின்று, தொங்கி அடங்கியது. ஊர் முழுவதிலிருந்தும் ஆட்டம் வழித்து வாரிக்கொண்டு வந்து, டப்பாவுக்குள் இறங்க, பழைய புஷ்கள் ஒன்றோடு ஒன்று கலகலத்தன. கடைசியாக இன்னாசியின் கைக்கு வந்தது.

சுண்டுவிரல் மடங்கியது. அவர் சிரித்துக்கொண்டே பார்த்தார். மோதிரவிரல் மடங்கியது. நடுவிரல் மடங்கும்போது சிரிப்பு நின்றது.

"நிறுத்து!" என்று மிக்கேலம்மாள் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டாள்.

கட்டைவிரலும் சுட்டுவிரலும் பானட்டின் மேல் நீண்டு கிடந்தன.

"அக்கா, கைய எடுங்க," என்றார் சிக்கந்தர். "டப்பா நிறைஞ்சிருச்சு. மிச்சம் இருக்கது ரெண்டு விரல் ஆட்டம். அது பெட்டிக்குள்ள போகணும். எந்த ஸ்டீயரிங்குக்கும் ரெண்டு விரல் ஆட்டம் வேணும், அது வண்டியோட உரிமை. அன்னைக்கு அதையும் எடுத்துட்டதாலதான் வண்டி கல்லாக் கிடக்கு. நீங்க தோளப் பிடிச்சுக்கிட்டு நடக்கறதை நான் பார்க்கலைன்னு நினைச்சீகளா?"

"பூட்டு."

"இப்படியே பூட்டினா இனிமே அது தளரவே தளராதுக்கா. ஆயுசுக்கும் இப்படித்தான் இழுக்கணும்."

"யாரு தோளு?"

"உங்க தோளுதான்."

"அப்ப பூட்டு தம்பி."

சிக்கந்தர் உதவி கேட்கிறவர்போல் இன்னாசியைப் பார்த்தார்.

"என்னைய ஏன்யா பார்க்குற?" என்றார் இன்னாசி. "அவ சொன்னதுக்கு மேல நான் பேசி இந்த ஊருல யாராவது கேட்டிருக்காகளா?"

யாரும் கேட்டதில்லை. சிக்கந்தர் திருகை இறுக்கி, அதன் நட்டைப் பூட்டினார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை.

டப்பாவை எங்கே வைப்பது என்பதற்கு மறுபடி ஒரு கூட்டம் போட்டார்கள். ஆற்றில் போடலாம் என்றார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கமும் திராட்சைதான். புதைக்கலாம் என்றார்கள், நிலம் ஆடினால் என்ன செய்வது? உபதேசியார்தான், ஆட்டம் இருந்தாக வேண்டிய இடம் ஊரில் ஒன்று உண்டே என்று பள்ளிக்கூடத்து ஊஞ்சலைக் காட்டினார். சிக்கந்தர் அந்தப் புஷ்களை ஊஞ்சலின் கொக்கிகளில் வைத்துப் பற்றவைத்துவிட்டுப் போனார். அங்கிருந்து அது இறங்கவில்லை. விடுமுறை நாளில் ஆளில்லாமலும் அந்த ஊஞ்சல் ஆடும். அதை யாரும் ஒரு விஷயமாகச் சொல்வதில்லை.

மிச்சமிருந்த பழத்துக்கு வியாபாரி நாள் குறித்தார். பெட்டி சுமக்க ஆட்டக்காரி தொம்மையின் பந்தலுக்குள் நுழைந்தது. பேர் மட்டும் மாறவில்லை. ஸ்டீயரிங் கல்லேதான். கொஞ்சம் திருப்பிவிட்டு, தப்பென்று தெரிந்தால் மாற்றிக்கொள்வோம் என்பது இனிமேல் நடக்காது; எவ்வளவு திருப்ப வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து, மார்பால் அழுத்தி, ஒரே இழுப்பில் திருப்ப வேண்டும். அதனால் இன்னாசி தூணோரம் வண்டிக்கு முன்னால் நடந்தார். மூன்று விரல் மூடிய கையை அவள் கண்ணுக்கு நேரே உயர்த்தினார்.

"எவ்வளவு இருக்குங்க?"

கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் அகல விரித்துக் காட்டினார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். "இப்ப?"

விரல்கள் நெருங்கின.

பின்னால் பெட்டிகளோடு வந்த தொம்மை கத்தினார். "மாப்ள, என் தூணு!"

"உங்க தூணுக்கு ஒண்ணும் ஆகாது மச்சான். வாயை மூடிக்கிட்டு வாங்க."

"இப்ப எவ்வளவு?" என்றாள் மிக்கேலம்மாள், தோள் நடுங்க.

அவர் குனிந்து, டயருக்கும் தூணுக்கும் நடுவில் பார்த்தார். ஒரு திராட்சை போகும். இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு திராட்சை அகலத்தை வைத்து அவளிடம் காட்டினார். டயர் தூணைத் தொடாமல் கடந்தது. அந்த அளவு கலைந்துவிடாதபடி விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு, அவர் அடுத்த தூணுக்கு நடந்தார்.